கலத்தின் சமநிலையும் மூப்பும்

மண்ணிற் பிறந்த உயிர்கள் யாவும் மூப்பெய்துதல் இயற்கை. ஆயினும் மூப்பு என்பது யாது என வினவினால் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. நரையும் திரையும் மூப்பின் அடையாளங்களேயன்றி மூப்பு ஆகா. இளமையிலேயே நரைத்தாரும் உளர். எண்பதிலும் கருங்குழல் மாறாதாரும் உளர். ஆண்டுகளின் தொகையே மூப்பு எனலும் பொருந்தாது. ஒரே ஆண்டிற் பிறந்து ஒரே வகுப்பிற் கற்ற இருவர், அறுபதாம் வயதில் ஒத்த உடல்நிலையினராய் இருத்தல் அரிது. நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், ஒரு காலத்தில் அரிச்சுவடியோடு வந்த சிறுவர்கள் தம் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து வரக் காண்கின்றோம். ஆதலின் இவ்வினாவை ஆராய்தல் காலத்துக்கு ஏற்றதே.

இன்றைய உயிரியலார் தரும் விடையைச் சுருங்கக் கூறின், மூப்பாவது உடலின் நுண்ணிய கலங்கள் தம் சமநிலையைப் பேணும் ஆற்றலிற் படிப்படியாகக் குன்றுதல் என்பதாம். இதனை விளங்கிக்கொள்ளுதல் ஏட்டறிவுக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லத்து முதியோரை நாம் பேணும் முறைக்கும் இன்றியமையாதது.

சமநிலை என்பது யாது?

உடல்நலம் சமநிலையைப் பொறுத்தது என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்றலே நலம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரமும் இக்கருத்தையே முதலில் வைத்துத் தொடங்குகின்றது.

மேனாட்டில் இதனைச் சோதனை வழியாக ஆராய்ந்தோருள் முதன்மையானவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் ஆவார். புறச்சூழல் எவ்வாறு மாறினும், உடலினுள்ளே கலங்களைச் சூழ்ந்துள்ள நீர்மம் மாறாதிருத்தலே சுதந்திர வாழ்வுக்கு ஏது என்பது அவர் கண்ட உண்மை. அமெரிக்க அறிஞர் வால்டர் கனன் என்பார் 1926இல் இதற்குப் பெயர் சூட்டினார்; பின்னர் 1932இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரித்துரைத்தார். நம் நாட்டுப் பாடநூல்கள் அதனை ‘ஒருசீர்த்திடநிலை’ என வழங்குகின்றன.

தெல்தோட்டையிலே மார்கழி விடியற்காலையில் பனிமூட்டத்தினூடே நடந்தாலும், மாசி நண்பகலில் மலைச்சரிவில் ஏறினாலும், நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கின்றது. குருதியின் அமிலகாரநிலை 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்கின்றது. உண்ட பின் உயரும் குருதிச் சர்க்கரை சில மணி நேரத்திற் பழைய அளவுக்கு மீள்கின்றது. இங்கு ஒன்று கருதத்தக்கது. ‘நிலை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அசையாது நிற்றல் எனப் பொருள் கொள்வோம். உடலின் சமநிலையோ அத்தகையதன்று. அது விலகுவதும் மீள்வதுமாக ஓயாது நிகழும் தொழில். இம்மீளும் தொழிலே இக்கட்டுரையின் பொருள்.

கலம் என்னும் சொல்

உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகைத் தமிழகத்தார் ‘உயிரணு’ என்றும் ‘செல்’ என்றும் வழங்க, இலங்கையில் நாம் ‘கலம்’ என்கின்றோம். தமிழில் கலம் என்பது பல பொருளொரு சொல். பாத்திரமும் கலம், அணியும் கலம், கடலிற் செல்லும் மரக்கலமும் கலம். மாணவர்க்கு விளக்குங்கால் கலத்தைப் பாத்திரம் என்று கூறுதல் வழக்கம். ஆயின் மூப்பை விளங்கிக்கொள்ள மரக்கலம் என்னும் பொருளே பெரிதும் உதவுகின்றது.

பலகைகளின் இடுக்கு வழியாக மரக்கலத்தினுள் நீர் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளிருப்போர் அதனை இறைத்துக்கொண்டே இருப்பர். கசிவும் இறைப்பும் சமமாக இருக்குங்காறும் கலம் மிதக்கும். நம் உடற் கலமும் இவ்வாறே. அதன் மென்சவ்வுக்கு வெளியே சோடியம் மிகுதி; உள்ளே அதன் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. வெளியிலுள்ள சோடியம் உள்ளே கசிந்தவண்ணமே இருக்கும். மென்சவ்விற் பதிந்துள்ள ஒரு புரதம் ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயன்களை வெளியே இறைத்து, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே கொணர்கின்றது. இப்பம்பியை 1957இல் கண்டறிந்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் யென்ஸ் ஸ்கோ, 1997இல் நோபெல் பரிசு பெற்றார். கல்சியத்தின் செய்தி இன்னும் வியப்பானது. கலத்தினுட் கட்டின்றி உலவும் கல்சியம், வெளியிலுள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அவ்வேறுபாடு குலைந்தால் நரம்பும் தசையும் ஒழுங்காகத் தொழிற்படா.

இவ்வாறு இறைக்கும் கைகளுக்கு வலிமை வேண்டுமன்றோ? அவ்வலிமையைத் தருவது அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருள். அதனை 1929இல் கண்டறிந்தோருள் ஒருவர், ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற யெல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவார். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்கே என்பாருடன் பணியாற்றிய காலத்தில் அவர் இதனைக் கண்டார்; செர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே ஆண்டில் தனித்துக் கண்டார். இப்பொருளைக் கலம் சேமித்து வைப்பது மிகச் சிறிது. செலவிடுவது மிகப் பெரிது. ஒருவர் ஒரு நாளில் ஆக்கியழிக்கும் அளவு ஏறத்தாழ அவர்தம் உடல் நிறைக்கு ஒப்பாகும் என்பர். இதனைப் பெரும்பான்மையும் ஆக்கித் தருவன கலத்தினுள் இருக்கும் இழைமணிகள். ஆகவே இழைமணி தளர்ந்தால் இறைக்கும் கை தளரும்.

ஆக்கலும் அழித்தலும்

கலத்தின் சமநிலைக்கு மற்றொரு கூறு உண்டு. கலத்தின் வேலைகளை எல்லாம் செய்வன புரதங்களே. அவற்றை ஆக்கும் பட்டறை இறைபோசோம் எனப்படும். அதன் வடிவத்தை அணு அணுவாக விளக்கியமைக்காக 2009இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், 1952இல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவர் பின்னர் மூப்பையும் இறப்பையும் பற்றியே ஒரு நூல் இயற்றி 2024இல் வெளியிட்டார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

ஆக்கப்பட்ட புரதம் உரிய வடிவில் மடிந்தாலன்றிப் பயன்படாது. புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடிதல் கூடும், எவ்வாறு கூடாது என்பதை 1963இல் ஒரு வரைபடத்தில் வகுத்துக் காட்டியவர், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். உலகெங்கும் அவ்வரைபடம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தவறாக மடிந்தவற்றைத் திருத்துதற்கென்று கலத்தினுள் துணைப்புரதங்கள் உள. திருத்த முடியாதவற்றுக்கு அடையாளமிட்டு அழித்தற்கு ஒரு முறை உண்டு; அதனை விளக்கியோர்க்கு 2004இல் நோபெல் பரிசு கிடைத்தது. பழுதுற்ற இழைமணி போன்ற பெரிய உறுப்புக்களைப் பையிற் பொதிந்து சிதைத்து, அதிலிருந்து பெற்ற பொருளை மீண்டும் பயன்படுத்தும் முறையும் உண்டு. கலம் தன் பகுதியைத் தானே உண்ணும் இம்முறையின் மரபணுக்களை நொதியத்தின் துணைகொண்டு வெளிப்படுத்திய யப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, 2016இல் அப்பரிசைப் பெற்றார்.

ஆக்கல், திருத்தல், அழித்தல் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்து நிகழ்தலே கலத்தின் நலம். நாள்தோறும் கூட்டப்படும் வீடு தூய்மையாய் இருத்தல்போலக் கலமும் இருக்கின்றது.

சமநிலை குன்றுதல்

வயது ஏறுங்கால் இவற்றுள் யாது கெடுகின்றது? ஒன்று மட்டும் அன்று. பலவும் ஒருங்கே சிறிது சிறிதாகத் தளர்கின்றன. 2013இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் மூப்பின் குறிகளை ஒன்பதாக வகுத்தனர். 2023இல் அவற்றைப் பன்னிரண்டாக விரித்தனர். அவற்றுள் முதன்மையான சிலவற்றை மட்டும் இங்கு காண்போம்.

இழைமணிகளின் ஆற்றல் குறைகின்றது. குறைந்த இழைமணிகளை அகற்றும் தொழிலும் மந்தமாகின்றது. ஆகவே பழுதுற்றவை தங்குகின்றன; தங்கியவை மேலும் பழுதை விளைக்கின்றன. தவறாக மடிந்த புரதங்கள் திரண்டு படிகின்றன. மறதி நோயாளரின் மூளையிற் காணப்படுவன இத்தகைய படிவுகளே. கண்வில்லை மற்றுமோர் எடுத்துக்காட்டு. அதன் நடுவில் உள்ள கலங்கள் கருவையும் பிற உறுப்புக்களையும் நீக்கிவிட்டு ஒளிபுகும் தன்மை பெற்றவை. ஆதலின் அங்குள்ள புரதங்கள் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது ஆக்கப்பட்டவையே, அவை புதுப்பிக்கப்படுவதில்லை. அறுபது எழுபது ஆண்டுகளின் பழுது அவற்றிற் சேர்ந்து திரளும்போது கண்ணிற் புரை உண்டாகின்றது. புதுப்பிக்கும் ஆற்றல் இல்லாத கலம் எவ்வாறு முதுமையுறும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

கலம் பிரியும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 1961இல் அமெரிக்காவில் லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் என்னும் இருவர், மனிதக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவை ஏறத்தாழ ஐம்பது முறை இரட்டித்தபின் நின்றுவிடுதலைக் கண்டனர். அதுகாறும் கலங்கள் என்றும் பிரிந்துகொண்டே இருக்கும் என்பதே பலர் கொள்கை. நிறமூர்த்தங்களின் நுனியில் உள்ள தெலோமியர் என்னும் பகுதி, ஒவ்வொரு பிரிவின்போதும் சிறிது குறுகுதலே இதற்குக் காரணம் எனப் பின்னர் விளங்கிற்று. அத்துறையில் உழைத்த எலிசபெத் பிளாக்பேர்ண், கரோல் கிரைடர், யாக் சொஸ்ரக் ஆகிய மூவரும் 2009இல் நோபெல் பரிசு பெற்றனர்.

பிரிதல் நின்ற கலங்களுட் சில இறப்பதுமில்லை, வாளாவிருப்பதுமில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரந்து அயற்கலங்களையும் கெடுக்கின்றன. இளமையில் இத்தகைய கலங்களை நிர்ப்பீடனத் தொகுதி அகற்றிவிடும். முதுமையில் அதுவும் தளர்வதால் அவை பெருகுகின்றன. 2011இல் அமெரிக்க அறிஞர் சிலர், விரைவில் மூப்பெய்துமாறு அமைந்த எலிகளில் இத்தகைய கலங்களை அகற்றிச் சில நலிவுகள் பிற்படுவதைக் கண்டனர். எலியிற் கண்டது மனிதர்க்கும் பொருந்துமோ என்பது ஆராய்ச்சிக்குரியது.

மீட்சியிலே தெரியும் மூப்பு

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஓர் ஐயம் எழலாம். கலங்கள் இவ்வளவு தளர்ந்தால், முதியோர் பலர் நலமாகவே உலவுவது எங்ஙனம்? இதற்கு விடை நம் மலைச்சரிவிலேயே உளது.

நம் தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டு இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர் என்பதை நம்முள் அறியாதார் இல்லை. வெட்டுமுன் பார்த்தால் எல்லாச் செடியும் பச்சையாகவே நிற்கும், கொழுந்தும் தரும். வெட்டியபின்னரே வேறுபாடு புலப்படும். இலை முழுவதும் இழந்த செடி, வேரிற் சேமித்து வைத்த மாப்பொருளைக் கொண்டே புதிதாகத் துளிர்க்க வேண்டும். சேமிப்பு உள்ள செடி துளிர்க்கும், இல்லாதது பட்டுப்போகும். ஆதலின் கவ்வாத்துக்கு முன் சில செடிகளின் வேரை நறுக்கி அயடீன் கரைசல் இட்டுப் பார்ப்பது உண்டு. வேர் கருநீலமாக மாறின் மாப்பொருள் போதியது. நிறம் வெளிறின் வெட்டுதலைத் தள்ளிப்போடுவர்.

மனித உடலும் அத்தகையதே. அமைதியாக அமர்ந்திருக்கும் முதியவரின் குருதி வெப்பமும் உப்பளவும் இளைஞரின் அளவை ஒத்தே இருக்கும். வெறுவயிற்றுச் சர்க்கரையும் பலரிற் பெரிதும் வேறுபடாது. ஆயின் சர்க்கரை நீரைப் பருகியபின் இளைஞரின் குருதி விரைவில் மீள, முதியவரது தாமதித்தே மீள்கின்றது. சமநிலை போய்விடவில்லை, சமநிலைக்கு மீளும் வேகமும் அதற்கு வேண்டிய சேமிப்பும் குறைந்துவிட்டன. மூப்பைப் பற்றி ஒருவர் அறியவேண்டிய ஓர் உண்மை உண்டெனின் அது இதுவேயாம்.

இதன் விளைவுகளை வீட்டிலேயே காணலாம். முதுமையில் தாக உணர்ச்சி குறைகின்றது. உடலில் நீர் குறைந்தாலும் நாவறட்சி தோன்றாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலும் குறைகின்றது. ஆதலின் இளைஞருக்கு ஏற்ற மருந்தளவு முதியவருக்கு மிகையாதல் கூடும். எழுந்து நிற்கும்போது குருதியமுக்கம் விரைந்து சீராகாமையால் தலை சுற்றி விழ நேர்கின்றது. குளிரில் நடுங்கி வெப்பம் ஆக்கும் திறனும், தோற்குழாய்களைச் சுருக்கி வெப்பத்தைக் காக்கும் திறனும் குன்றுகின்றன. நோய்க்கிருமி தாக்கினும் காய்ச்சல் காயாது, மயக்கமும் தடுமாற்றமுமே முதற்குறியாகத் தோன்றுதல் உண்டு.

நம் கடன்

ஈண்டு வருந்தத்தக்க ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுதல் தகும். முதியவர் ஒருவர் திடீரெனச் சோர்ந்தாலும், பேச்சுத் தடுமாறினாலும், உணவை மறுத்தாலும், ‘வயது போனால் அப்படித்தான்’ என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். மேற்கூறியவற்றை அறிந்தோர் அவ்வாறு கூறார். மூப்பு மெல்ல வருவது. திடீரென வந்த மாற்றத்துக்கு மூப்பு காரணம் ஆகாது. அதன்பின் நீரிழப்போ, கிருமித் தொற்றோ, மருந்தின் மிகையோ ஒளிந்திருத்தல் கூடும். இவை பெரும்பாலும் தீர்க்கத்தக்கவை. காலந்தாழ்த்தினால் உயிர் கொள்பவை. மீளும் ஆற்றல் குறைந்தவரிடத்திலேதான் விரைவு மிக வேண்டும். நாமோ அவரிடத்திலேதான் தாமதிக்கின்றோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர். அதன் பின்னரும் அவ்வீதம் உயர்ந்தே வருகின்றது. முதியோரின் உரிமையைக் காக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெற்றோரைப் பேணல் பிள்ளைகளின் கடன் என்பதை அது விதிக்கின்றது. கடனைச் சட்டம் விதிக்கலாம். அதனைச் செய்யும் அறிவை அது தாராது. நம் பகுதியில் இளமை முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் உழைத்தோர், இன்று லயங்களிலும் சிறு வீடுகளிலும் தனித்திருத்தலைக் காண்கின்றோம். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் தொழில் புரிகின்றனர். பணம் அனுப்புகின்றனர், நன்று. ஆயின் சமநிலைக்கு மீளும் ஆற்றல் உள்ளே குறையும்போது, அக்குறையை வெளியிலிருந்து நிரப்பப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

செய்யவேண்டியவை அரியன அல்ல. தாகம் எடுக்கும்வரை காத்திராது வேளைதோறும் நீரோ கஞ்சியோ கொடுத்தல்; மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தியிருப்பின் அவர் கூறிய அளவைப் பின்பற்றுதல்; மாலையிலேயே கம்பளி போர்த்துதல்; படுக்கையினின்று எழுங்கால் சிறிது அமர்ந்து பின் நிற்கச் செய்தல்; உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுதல்; கண்ணிற் புரை படர்ந்தால் விதியெனக் கொள்ளாது சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுதல்; திடீர் மாற்றம் கண்டால் அன்றே வைத்தியசாலையை நாடுதல் என்பன அவை.

முதியோரும் தம் பங்கைச் செய்தல் கூடும். உடலுழைப்பு தசைக் கலங்களில் இழைமணிகளைப் பெருகச் செய்கின்றது. 1990இல் பொஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை அண்மிய முதியோர் சிலர் எட்டு வாரம் காற்றசைகளுக்குப் பாரந்தூக்கும் பயிற்சி பெற்றபோது, அவர்தம் தசைவலிமை சராசரியாக இரு மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. தளர்ந்த கலமும் தூண்டினால் துலங்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. அளவான உணவு, நல்ல உறக்கம், புகையிலை நீக்கல் என்பனவும் துணைபுரிவன. இளமையை மீட்கும் எனப் பெரும்பொருளுக்கு விற்கப்படும் குளிகைகளை மட்டும் நம்புதல் வேண்டா. மேற்குறித்த இராமகிருஷ்ணன் அவர்களும் தம் நூலில் அத்தகைய மிகைக் கூற்றுக்களை ஐயுற்றே நோக்குகின்றார். மனிதரின் மூப்பைத் திருப்பும் மருந்து எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை.

பழைய மாணவ அன்பர்களே, இக்கல்லூரியில் நமக்கு எழுத்தறிவித்தோரும், நம்மை இங்கு அனுப்புதற்காகத் தம் வயிற்றை ஒறுத்தோரும் இன்று முதுமையின் கரையில் நிற்கின்றனர். அவர்தம் கலங்கள் இறைக்கும் தொழிலை இன்னும் விட்டுவிடவில்லை, கைதான் சோர்ந்திருக்கின்றது. விழாவுக்கு ஊர் வந்திருக்கும் நீங்கள், திரும்பிச் செல்லுமுன் அவர்களைக் கண்டு, உண்ணும் மருந்தைக் கேட்டறிந்து, நாள்தோறும் சென்று பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுச் செல்வீர்களாக.